ஒரு வார்த்தை சொல்லிட்டு எறங்கு

ஐந்தாம் வகுப்புக்கு ஒலிமரபு நடத்துவது எனக்கு எப்போதும் பிடித்த வேலை. மூளையைக் கசக்க வேண்டாம். நான் பாதியைச் சொன்னால் பிள்ளைகள் மீதியைக் கத்துவார்கள். காகம்? கரையும். மயில்? அகவும். ஆந்தை? அலறும். அன்றைக்குக் குருவிக்கு வந்தபோது வகுப்பு திருதிருவென்று விழித்தது. அதே நேரம் பார்த்து வராந்தாவில் எங்கள் வேன் ஆயாவின் குரல். ஒரு எல்.கே.ஜி. பிள்ளையின் மூக்கைத் துடைத்துக்கொண்டே அதனிடம் ஏதோ நியாயம் பேசிக்கொண்டிருந்தார். மெலிந்து உச்சத்தில் நிற்கிற, மூச்சு விடாத குரல். நான் கையிலிருந்த சாக்பீஸை வாசல் பக்கம் நீட்டி, "கேளுங்க. இதுதான் கீச்சிடும்" என்றேன்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாடத்தை வாழ்க்கையோடு சேர்த்து நடத்த வேண்டும் என்று பி.எட்.டில் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்துவிட்டேனாம். மதியச் சாப்பாட்டு மணிக்குள் 'கீச்சு ஆயா' என்ற பெயர் பள்ளிக்கூடம் முழுக்கப் பரவிவிட்டது. சாயங்காலம் வேன் ஓட்டுகிற அண்ணாச்சியே அப்படித்தான் கூப்பிட்டார்.

ஆயாவின் சொந்தப் பெயர் அப்போது எனக்குத் தெரியாது. ஒரே வேனில் இரண்டு வருஷம் போய்வந்தும் கேட்டதில்லை. பின்னால் ஒரு தாளில் அந்தப் பெயரை என் கையாலேயே எழுத நேர்ந்தது. இங்கே அதை எழுத மாட்டேன், எனக்கு அந்த யோக்கியதை கிடையாது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த நாட்களில் என் மனசுக்குள் அவர் 'அவள்'தான். இப்போது 'அவர்' என்று எழுதுவது எட்டு வருஷம் பிந்தி வந்த மரியாதை. இதைப் பார்த்து என்னை நல்லவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

வேன் குற்றாலத்தில் கிளம்பும். காசிமேஜர்புரம், இலஞ்சி, மேலகரம் என்று சுற்றிச்சுற்றிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, தென்காசி ஊருக்குள் புகுந்து, பாவூர்சத்திரம் ரோட்டில் இருந்த பள்ளிக்கு வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகும். குற்றாலத்தில் முதலில் ஏறுகிறவள் நான். டிரைவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து மடியில் நோட்டுகளை அடுக்கிக்கொள்வேன். முக்கால் மணி நேரத்தில் இருபது நோட்டாவது திருத்திவிட்டால் வீட்டில் வேலை மிச்சம். ஆனால் இலஞ்சியில் அந்த அம்மா ஏறிவிடுவார். அதோடு என் திருத்தம் முடிந்தது.

"ஏட்டி, தலையில பூ யாரு வச்சா, ஒங்கப்பாவா? அதான் காதுக்கு மேல தொங்குது."

"ஏலே, நேத்து விழுந்த பல்ல என்னலே செஞ்ச? கூரையில எறிஞ்சியா? மாடி வீட்டுல ஏதுலே கூரை?"

"மோளே, இன்னைக்கு இட்லியா தோசையா? ரெண்டும் இல்லையா? பின்ன வாயில என்ன அப்பிருக்கு?"

பிறந்தது கேரள எல்லையை ஒட்டிய புளியறை என்பதால் நடுவில் ஒரு 'மோளே' விழும். வாக்கப்பட்டது இலஞ்சி. நாற்பது வயது இருக்கும். புருஷன் இல்லை என்று டிரைவர் அண்ணாச்சி சொல்லித் தெரியும். முப்பது பிள்ளைகள் இருந்தால் முப்பதிடமும் பேசியாக வேண்டும் அவருக்கு. ஒரு பிள்ளை பதில் சொல்லாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தால் விடமாட்டார். எழுந்து போய்ச் சீட்டுக்குச் சீட்டு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, அது வாயைத் திறக்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்பார். காய்ச்சலோ, அம்மா அடித்ததோ, வீட்டுப்பாடம் எழுதாததோ, என்னவோ ஒன்று வெளியே வந்துவிடும்.

பள்ளிக்கூடத்தில் வேன் நின்றதும் படிக்கட்டு ஓரம் அவர்தான் நிற்பார். "ஒரு வார்த்த சொல்லிட்டு எறங்கு. வாய் தொறக்காம ஒருத்தரும் எறங்கப்படாது." இதுதான் சட்டம். எந்த வார்த்தையானாலும் சரி. "மழை" என்று ஒன்று இறங்கும். "சாம்பார்" என்று ஒன்று. "போ ஆயாம்மா" என்று சொல்லிவிட்டு ஒன்று ஓடும். வாய் பேச வராத ஒரு பெண்பிள்ளை உண்டு. அது மட்டும் வேன் கதவை இரண்டு தட்டு தட்டிவிட்டு இறங்கும். "வந்துட்டா எம் ராசாத்தி" என்பார் இவர். சில நாள் எல்லோரும் இறங்கிய பிறகும், "ஒரு வார்த்த கொறையுதே" என்று சொல்லிக்கொண்டே மறுபடி உள்ளே ஏறி, சீட்டுக்கு அடியில் எட்டிப் பார்ப்பார். அங்கே ஒன்று வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருக்கும்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இரண்டு மூன்று தடவை பார்த்திருக்கிறேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. 'சவம், சின்னப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு விளையாட்டு' என்று சலித்துக்கொண்டதோடு சரி.

பெயர் வைத்த நாலாவது நாள் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், கீச்சுன்னா என்னது? பிள்ளைகள்லாம் சொல்லுது. கெட்ட வார்த்தையா?"

எனக்கு முகம் சுண்டிவிட்டது. "குருவி போடுற சத்தம்மா" என்றேன்.

"குருவியா!" என்று கையைத் தட்டிச் சிரித்தார். "நான் காக்காயாக்கும்னு பயந்துட்டேன். எங்க வீட்டு கரண்டு மீட்டர் பெட்டிக்குள்ள குருவி கூடு வச்சிருக்கு டீச்சர். காலைல எந்திச்சதுல இருந்து கத்தித் தீத்துரும். சும்மா கத்துதுன்னு நெனைப்போம். ஒண்ணு கூப்பிடும், இன்னொண்ணு இந்தா இருக்கேங்கும். பதில் வரலேன்னு வையிங்க, அங்கனயும் இங்கனயும் பறந்து தேடும் பாருங்க, நமக்கே பாவமா இருக்கும்."

பக்கத்தில் இருந்த கணக்கு மிஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். அவர் போன பிறகு, "குருவியப் பத்தி குருவியே கிளாஸ் எடுத்துட்டுப் போகுது" என்று நான் சொன்னது அன்றைக்கு ஸ்டாஃப் ரூமில் நன்றாக எடுபட்டது.

அகராதியை எடுத்து அந்தச் சொல்லைப் பார்த்தது மிகவும் பின்னால். கீச்சு, கீச்சிடுதல், கீச்சுக்குரல். பறவை ஒலி என்று போட்டிருக்கிறது. நாமாக இன்னும் எதெதற்கோ அதைப் பயன்படுத்துகிறோம். எலி கீச்சிடுகிறது. எண்ணெய் போடாத கதவு கீச்சிடுகிறது. ஆட்டோ பிரேக் கீச்சிடுகிறது. இப்போது செல்போனில் நாலு வரி எழுதிப் போடுவதையும் கீச்சு என்கிறார்கள். யானை, லாரி, மந்திரி என்று பெரிதாக இருக்கிற எதற்கும் அந்தச் சொல் பொருந்துவதில்லை. மனிதரில் பெண்பிள்ளை குரலுக்குத்தான் அதைத் தாராளமாகக் கொடுக்கிறோம், அதுவும் ஏழைப்பட்டவளாக இருந்தால் கேட்கவே வேண்டாம். கூப்பிட்டால் பதில் கொடுப்பது என்கிற பொருள் எந்த அகராதியிலும் இல்லை. அதை எனக்கு ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று ஒருவர் சொல்லிக்கொடுத்தார். நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் ஆனி மாதம் பிரின்ஸிபால் மேடத்தின் அறைக்குப் போனேன். திருத்தாத நோட்டுகள் சேர்ந்துவிட்டன என்று முந்தின நாள் அவரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். ஆத்திரத்தை எங்கேயாவது இறக்க வேண்டுமே.

"மேடம், அந்த வேன் ஆயா பேசுற பேச்சுல எனக்கு ஒத்தைத் தலைவலி வந்துருது. பிள்ளைகளும் ஒழுங்கா உக்காருறதில்ல. படிக்கிற பிள்ளைகளுக்கு அந்தப் பேச்சு வழக்கம் தொத்திக்கிடும். கொஞ்சம் சொல்லி வைங்க. என் பேரு வர வேண்டாம்."

தலைவலி இருந்தது உண்மைதான். கண்ணாடிப் பவரை மாற்றாமல் ஒரு வருஷமாக இழுத்தடித்ததால் வந்த தலைவலி அது. எனக்கே தெரியும். தலைவலி என்று மேடத்திடம் மட்டும்தான் சொன்னேன், வீட்டில்கூடச் சொன்னதில்லை.

"ஒங்க பேரு வராது மிஸ்" என்றார் மேடம்.

அடுத்த திங்கட்கிழமை இலஞ்சியில் அந்த அம்மா ஏறினார். முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தார். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டன. "ஆயாம்மா, எங்க மேல கோவமா?" என்று ஒன்று கேட்டது. இல்லை என்று தலையை ஆட்டி, உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். இறங்கும்போது பழக்க தோஷத்தில் ஒவ்வொன்றும் ஒரு வார்த்தை சொல்லப் பார்த்தன. அதற்கும் உதட்டில் விரல். ஒரு வாரத்தில் பிள்ளைகள் அதை மறந்துவிட்டன. வாய் பேச வராத பெண்பிள்ளை மட்டும் விடாமல் இரண்டு தட்டு தட்டியது. அதை ஒருவரும் சத்தம் என்று சொல்லவில்லை.

எனக்கு என்ன சுகம் தெரியுமா! முதல் நாள் பதினெட்டு நோட்டு. மறுநாள் இருபத்தி நாலு. வேனுக்குள் எஞ்சின் சத்தம் மட்டும்தான். 'அப்பாடா' என்று வாய்விட்டே சொன்னேன். டிரைவர் அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு கியரை மாற்றினார்.

மூன்று வாரம் போயிருக்கும். நல்ல சாரல். ஜன்னலையெல்லாம் இறுக்கி மூடியிருந்தது. அந்தக் குளிருக்குப் பெரியவர்களுக்கே கண்ணைச் சொக்கும். யு.கே.ஜி. படிக்கிற ஒரு பெண்பிள்ளை கடைசி சீட்டில் சுருண்டு படுத்திருக்கிறது. பக்கத்துப் பிள்ளைகள் புத்தகப்பையை அதன்மேல் சாய்த்து வைத்திருக்கின்றன. பள்ளி வந்ததும் நான் வழக்கம்போல முதல் ஆளாக நோட்டுக்கட்டோடு இறங்கிப் போய்விட்டேன். பிள்ளைகள் மழைக்குப் பயந்து முண்டியடித்து ஓடின. டிரைவர் அண்ணாச்சி வேனைப் பின்பக்கத்து ஷெட்டில் விட்டுப் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போனார். யு.கே.ஜி. மிஸ் ஆப்சென்ட் போட்டாள். சாரல் காலத்தில் வகுப்புக்கு நாலு பிள்ளை சளி காய்ச்சல் என்று வராது, அவளையும் குற்றம் சொல்ல முடியாது.

இரண்டாவது பீரியட் பாதியில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அந்த அம்மா வராந்தாவில் ஒவ்வொரு சின்ன வகுப்பாக எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. அன்றைக்கு வாய்விட்டுக் கேட்காத பிள்ளைகளை மனசுக்குள் கூப்பிட்டுப் பார்க்கிறார் என்று இப்போது தோன்றுகிறது. யு.கே.ஜி. வாசலில் நின்றவர் சட்டென்று திரும்பினார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மழையில் ஷெட்டைப் பார்த்து ஓடினார். ஓடிக்கொண்டே அந்தப் பிள்ளையின் பெயரைக் கத்தினார். மூன்று வாரத்துக்குப் பிறகு அவர் குரல் அன்றைக்குத்தான் கேட்டது. என் வகுப்பில் ஒரு பயல், "மிஸ், கீச்சு!" என்றான். சிலர் சிரித்தார்கள்.

கண்ணாடியைக் கல்லால் உடைத்துத்தான் பிள்ளையைத் தூக்கினார். பிள்ளைக்கு நினைவில்லை. உடம்பெல்லாம் வேர்வை. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள், பிழைத்துக்கொண்டது. வெயில் காலமாக இருந்தால் சொல்லுவதற்கில்லை என்றாராம் டாக்டர். குற்றாலத்துச் சாரல்தான் அந்தப் பிள்ளையைக் காப்பாற்றியது.

மறுநாள் ஆபீஸில் என்னைக் கூப்பிட்டார்கள். "மிஸ், ஆயாகிட்ட ஒரு விளக்கக் கடிதம் வாங்கணும். அவங்களுக்கு எழுத வராது. நீங்க தமிழ் மிஸ், அவங்க சொல்லச்சொல்ல நல்லபடியா எழுதி வாங்கிருங்க."

பக்கத்து அறையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி கீறி உள்ளங்கையில் கட்டு. நான் பெயரைக் கேட்டேன். சொன்னார். எழுதினேன். முதல் தடவையாக அன்றைக்குத்தான் அந்தப் பெயரைத் தெரிந்துகொண்டேன்.

"சொல்லுங்கம்மா."

"என்னத்தச் சொல்ல டீச்சர். தப்பு நடந்துட்டு. நான் உள்ள ஏறிப் பாத்திருக்கணும், மழையில பாக்கல. அது எம் பேர்ல தப்புதான். ஆனா ஒண்ணு மட்டும் எழுதுங்க. வேன்ல பேசக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க, அதனால நான் பேசல. பேசியிருந்தா அந்தப் பிள்ளைய விட்டிருக்க மாட்டேன். அத மட்டும் எழுதிருங்க."

பேனா நின்றுவிட்டது. அந்த வரியை எழுதினால் மேலே இருப்பவர்கள் கேட்பார்கள், பேசக் கூடாது என்று யார் சொன்னது என்று. பிரின்ஸிபால் சொன்னார். பிரின்ஸிபாலிடம் யார் சொன்னது? நான் எழுதினேன்: 'என்னுடைய கவனக்குறைவால் நேர்ந்த இத்தவறுக்கு மிகவும் வருந்துகிறேன்.' சந்திப்பிழை ஒன்றுகூட இல்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு அழகான கையெழுத்தில் நான் எதையும் எழுதியதில்லை.

அவர் தாளை வாங்கி, விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார். எழுதத்தான் வராது, பொறுமையாகப் படிப்பார். எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. விரல் கடைசி வரிக்கு வந்து நின்றது.

"நான் சொன்னது இதுல இல்லையே டீச்சர்."

"அதெல்லாம் எழுத்துல வந்தா ஒங்க மேலதான் கோவப்படுவாங்கம்மா. நான் ஆபீஸ்ல வாயால சொல்லிக்கிடுதேன்."

"சொல்லிருவீங்களா?"

"கண்டிப்பாச் சொல்லிருதேன். போடுங்க."

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். கட்டுப் போட்ட கையால் கஷ்டப்பட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நான் சொல்லவில்லை. அன்றைக்குப் பிரின்ஸிபால் அறையில் பெற்றோர் கூட்டம், நாளை சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்கு ஏதோ பரீட்சை. அதற்குள் அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். இனிச் சொல்லி என்ன ஆகப் போகிறது என்று அடுத்தபடியாக ஒரு நியாயம் கிடைத்தது. பிள்ளையைக் கொல்லப் பார்த்தவள் என்று இலஞ்சியில் அவரைப் பேசினார்கள். சுற்றுவட்டத்தில் வேறு எந்தப் பள்ளியும் அவரை வாசல்படி ஏற்றவில்லை. எல்லாம் என் காதுக்கு வந்தது. புது ஆயா வந்த முதல் நாள், வாய் பேச வராத அந்தப் பெண்பிள்ளை இறங்கும்போது வேன் கதவை இரண்டு தட்டு தட்டிவிட்டு நின்றது. பதில் வரவில்லை. மறுபடி இரண்டு தட்டு தட்டியது. புது ஆயா, "ஏட்டி, கதவ ஒடைக்காத" என்று இழுத்து இறக்கினாள். அந்த வருஷக் கடைசியில் நான் வேறு பள்ளிக்கூடம் பார்த்துக்கொண்டேன்.

போன சீசனில் சென்னையிலிருந்து வந்த விருந்தாளிகளை ஐந்தருவிக்குக் கூட்டிப் போனேன். அவர்கள் பெண்கள் பக்கம் வரிசையில் நிற்க, நான் பைகளோடு கடைப் பக்கம் ஒதுங்கி நின்றேன். தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலில் வியாபாரம் செய்ய வேண்டுமானால் தொண்டை கிழியக் கத்த வேண்டும். "துண்டு, துண்டு!" "சீயக்கா, ஷாம்பு!" என்று எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பில் துண்டும் ஷாம்பு பாக்கெட்டும் பரப்பிவைத்து ஒருவர் மட்டும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது.

பக்கத்துக் கடைக்காரி என்னிடம், "இந்த அக்காவப் பாருங்க, வாயத் தொறந்து கூப்பிட்டாத்தான ஆளு வரும்! கடவுள் தொண்டையக் குடுத்து என்ன செய்ய" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். உடனே தெரிந்துகொண்டார். "டீச்சர்" என்றார். உதட்டசைவில்தான் புரிந்தது. நான் போய்க் குனிந்தேன்.

"நல்லா இருக்கீங்களா டீச்சர்? அந்தப் பிள்ள எப்படி இருக்கா? இப்ப எட்டாப்பு படிப்பா, என்ன?"

"நல்லா இருக்காம்மா" என்றேன். அந்தப் பிள்ளை இப்போது எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

"பைய ஒண்ணு கேக்கட்டா?" என்று என் பக்கம் சாய்ந்தார். அந்தக் குரலா இது என்று இருந்தது. அடித்தொண்டையில், காற்றோடு காற்றாக வந்தது. "அன்னைக்கு ஆபீஸ்ல சொல்லுதேன்னீங்களே. சொன்னீங்களா டீச்சர்?"

நான் காதோரம் கையைக் குவித்துக்கொண்டேன். "என்னம்மா? தண்ணிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

கேட்டது. ஒரு எழுத்து விடாமல் கேட்டது.

அவர் இன்னொரு தடவை கொஞ்சம் குரலை உயர்த்திக் கேட்டிருக்கலாம். அருவியைத் தாண்டிப் போகிற குரல் அது. மறுபடி அவர் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு துண்டை மடித்து அடுக்கில் வைத்தார்.

"வேண்டாம், விடுங்க டீச்சர். சத்தமாச் சொன்னா ஒங்களுக்குத் தலைவலி வந்துரும்லா."

தலைவலி என்று நான் சொன்னது பிரின்ஸிபால் மேடத்திடம் மட்டும். பேசக் கூடாது என்று சொன்ன அன்றைக்கே காரணத்தையும் மேடம் இவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அப்படியானால் அந்தத் தாளில் விரலை வைத்துப் படித்தபோதே இவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் என் முகத்தைப் பார்த்திருக்கிறார். தெரிந்துதான், "சொல்லிருவீங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

விருந்தாளிகள் ஈரத்தலையோடு வந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அதுவும் காதில் விழாதவள்போல நான் அருவியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.